சைக்கிளைப் பற்றிக் கேட்டா வாய் அடைக்குது எண்ட தங்கச்சிக்கு

கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நேர்ஸா வேலை செய்யிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா, பேர் போட வேண்டாமெண்டு கேட்டதால போடேல்ல. சுருக்கிச் சொன்னா விஷயம் இதுதான். யூகேக்குப் போறதுக்கு ஐயெல்ட்ஸ் அகடமிக் எண்ட இங்கிலிஷ் எக்ஸாம் எடுத்திருக்கிறா, லிஸ்னிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, அதெல்லாம் காணும், ஸ்பீக்கிங் மட்டும் 6.5ல நிண்டிட்டுது, அங்கத்தைய நேர்ஸிங் கவுன்சிலுக்கு அதில 7 வேணும். முதலாம் பகுதியில சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கினம். "யெஸ், ஐ லைக் பைசைக்கிள், இட் இஸ் குட் ஃபோ ஹெல்த் அண்ட் குட் ஃபோ என்வைரன்மென்ட்" எண்டு சொல்லிப்போட்டு அதுக்குமேல ஒண்டும் வராம இருந்திட்டன் எண்டுறா. அடுத்த கேள்விக்கு யூடியூப்பில பாத்துப் பாடமாக்கின பதிலைச் சொல்லத் தொடங்க, பாதியிலயே எக்ஸாமினர் நிப்பாட்டிப்போட்டு வேற கேள்விக்குப் போயிட்டாராம். "சைக்கிளைப் பற்றி இங்கிலிஷில சொல்ல எனக்கு ஒண்டுமே இல்லை சேர்" எண்டு எழுதிப்போட்டு, கடைசியில இப்பிடி முடிச்சிருக்கிறா: "அப்பாட்ட ஒரு பழைய லுமாலா சைக்கிள் இருந்தது, அதிலதான் நான் பாருக்குக் கீழால காலை விட்டு ஓடப் பழகினது, சனிக்கிழமையில என்னைப் பின்னால கரியரில இருத்திக் கல்லடிப் பாலத்தால டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவார், இதெல்லாம் எக்ஸாமில சொல்லலாமோ? லுமாலா எண்டா அவையளுக்கு விளங்குமோ?"

தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான். ஒண்டுமே இல்லை எண்டு மேல எழுதிப்போட்டு, கீழ ரெண்டு வரியில 7க்குரிய பதிலை நீங்களே எழுதி வச்சிருக்கிறீங்கள், அதைத் தேவையில்லாத கதை எண்டு நினைச்சுத்தான் எக்ஸாமில வாயைத் திறக்கேல்ல. வெள்ளவத்தையில 19 வருஷமா இந்த ஸ்பீக்கிங் வகுப்பு எடுக்கிறன், இங்கிலிஷ் தெரியாமப் புள்ளி குறையிற பிள்ளையளை விட, தங்கட வாழ்க்கையைச் சொல்லலாமெண்டு தெரியாமப் புள்ளி குறையிற பிள்ளையளைத்தான் கூடக் கண்டிருக்கிறன். ஹெல்த்துக்கு நல்லது, என்வைரன்மென்டுக்கு நல்லது எண்டது பிழையான பதிலில்லை, ஆனா அதைச் சொன்ன உடன கதை முடிஞ்சு போகுது, அதில ஆளும் இல்லை இடமும் இல்லை, பிறகு எங்க போய் நீட்டுறது?

முதல்ல புள்ளிக் கணக்கைச் சொல்லிப்போடுறன், ஏனெண்டா 6.5 எண்டதை ஒரு பெரிய மதில் மாதிரி நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள் போல. ஸ்பீக்கிங்கில நாலு விஷயம் பாக்கினம், தடங்கலில்லாமத் தொடர்பாக் கதைக்கிறது, சொல்வளம், கிரமர், உச்சரிப்பு. நாலுக்கும் ஒரே அளவு மதிப்பு, ஒவ்வொண்டுக்கும் முழு எண்ணிலதான் போடுவினம், பிறகு கூட்டி நாலால பிரிக்கிறது. அப்ப 6.5 எண்டா மொத்தம் குறைஞ்சது 26, 7 எண்டா 28. நாலில ரெண்டில ஒவ்வொரு படி ஏறினாக் காணும். எதில ஆறு எதில ஏழு எண்டு ரிசல்ட் ஷீட்டில வராது, ஆனா நீங்கள் எழுதினதை வச்சுப் பாத்தா முதலாவதும் மூண்டாவதும்தான் ஆறாக இருக்குமெண்டு நான் நினைக்கிறன், அந்த ரெண்டும் திருத்தக்கூடிய விஷயம்.

பாதியில நிப்பாட்டினதை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ. முதலாம் பகுதி நாலு அஞ்சு நிமிஷம்தான், அதுக்குள்ள வீடு, வேலை பற்றி ஒரு தொகுதி கேள்வி, அதோட இன்னும் ரெண்டு தலைப்பு முடிக்கவேணும், அதால அவையள் வெட்டித்தான் ஆகவேணும், வெட்டினதுக்காகப் புள்ளி குறையிறதில்லை. பாடமாக்கினதைச் சொன்னதுதான் பிரச்சினை. பாடமாக்கின பதிலைக் கண்டுபிடிக்க அவையளுக்குப் பயிற்சி இருக்குது, குரல் மாறும், கண் மேல போகும், மற்றப் பதில்களில வராத சொல்லெல்லாம் வரிசையா வரும். என்னட்டப் படிச்ச ஒரு பெடியன், நல்ல கெட்டிக்காரன், சைக்கிளின்ர சரித்திரத்தையே பாடமாக்கிக்கொண்டு போனவன், 1817ல ஜேர்மனியில கார்ல் வொன் டிரைஸ் பெடல் இல்லாம நிலத்தில காலால உதைச்சுப் போற வண்டி செய்தது, 1885ல இங்கிலாந்தில ஜோன் கெம்ப் ஸ்டார்லி ரெண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவில ரோவர் சைக்கிள் கொண்டுவந்தது, 1888ல டன்லொப் காத்தடிக்கிற ரயர் செய்தது எண்டு எல்லாம் சரியான தகவல். எக்ஸாமினர் அமைதியாக் கேட்டிட்டு, நீ சைக்கிள் ஓடுறனியா எண்டு கேட்டிருக்கிறார். பெடியனுக்கு அதுக்குப் பதில் வரேல்ல. தகவலுக்கு அங்க புள்ளி இல்லை தங்கச்சி, நீங்கள் சொல்லுறது உண்மையோ பொய்யோ எண்டும் அவையள் பாக்கிறதில்லை, அந்த நேரம் மனசில வாறதை இங்கிலிஷில கொண்டுவர உங்களால ஏலுமோ எண்டதைத்தான் பாக்கினம்.

இப்ப உங்கட அப்பாவின்ர சைக்கிளை எடுப்பம். சின்ன வயசில உங்களிட்ட சைக்கிள் இருந்ததோ எண்டு கேட்டா, இருக்கேல்ல எண்டதுதான் உங்கட உண்மையான பதில், அதையே சொல்லுங்கோ: "நொட் மை ஓன், நோ. ஐ லேர்ன்ட் ஓன் மை ஃபாதர்ஸ் பைக், விச் வோஸ் ஃபார் டூ பிக் ஃபோ மீ, சோ ஐ ஹாட் டு புட் மை லெக் அண்டர் த குரொஸ்பார்." அவ்வளவுதான். பெரிய சொல்லு ஒண்டும் இல்லை, ஆனா "விச்" போட்டு ஒரு வசனத்துக்குள்ள இன்னொரு வசனம் வந்திருக்கு, "சோ" போட்டுக் காரணம் வந்திருக்கு, "ஹாட் டு" வந்திருக்கு, இறந்தகாலம் முழுக்கச் சரியா இருக்கு, குரொஸ்பார் எண்ட சொல்லைக் கேட்ட உடன சைக்கிளைத் தெரிஞ்ச ஆள்தான் கதைக்குது எண்டு விளங்கும். முதலாம் பகுதிக்கு இந்த நீளம் போதும், ரெண்டு மூண்டு வசனம். பதிலைச் சொல்லிப்போட்டு ஒரு படத்தைக் காட்டுங்கோ. ஆர், எங்க, என்ன நடந்தது எண்டதில ஏதாவது ஒண்டு வந்தா நீளம் தன்பாட்டில வரும்.

தமிழிலயிருந்து இங்கிலிஷுக்கு வரேக்க சைக்கிள் விஷயத்தில எங்கட ஆக்கள் விழுற இடம் சிலது இருக்கு, வருஷா வருஷம் அதே பிழைதான், அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும்.

நாங்கள் காரையும் ஓடுறம், பஸ்ஸையும் ஓடுறம், சைக்கிளையும் ஓடுறம், எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. அதால "ஐ டிரைவ் மை பைசிக்கிள்" எண்டு வந்திடும், சில பேர் "ரன்" எண்டும் சொல்லுவினம். உள்ளுக்குள்ள இருந்து ஓடுறதுக்கு டிரைவ், மேல ஏறி இருந்து ஓடுற சைக்கிள், மோட்டார்சைக்கிள், குதிரை எல்லாத்துக்கும் ரைட். இறந்தகாலத்தில ரோட். அதே மாதிரி "வித் பைசிக்கிள்" எண்டு வராது, "பை பைசிக்கிள்" இல்லாட்டி "ஓன் மை பைசிக்கிள்". கரியரில இருத்திக்கொண்டு போனதை நாங்கள் டபிள்ஸ் எண்டுறம், அது எங்கட ஊரில விளங்கும், அங்க "ஹி கேவ் மீ எ லிஃப்ட் ஓன் த பாக் ஒஃப் ஹிஸ் பைக்" எண்டு சொல்லுங்கோ. காத்தடிக்கிறதை அப்பிடியே திருப்பினா ஊதுறது மாதிரிப் போயிடும், "பம்ப் அப் த டயர்ஸ்" எண்டதுதான் வழக்கு. செயின் கழண்டா "த செயின் கேம் ஓஃப்", காத்துப் போனா "ஐ ஹாட் எ பஞ்சர்", ஏத்தத்தில இறங்கி உருட்டிக்கொண்டு போனா "ஐ கொட் ஓஃப் அண்ட் புஷ்ட் இட்", பிடிபட்டிட்டுது எண்டதுக்கு "ஐ கொட் த ஹாங் ஒஃப் இட்". இந்தச் சின்னச் சின்னச் சொல்லுகள்தான் சொல்வளத்தில புள்ளியைத் தூக்குது, "இன்டிஸ்பென்ஸபிள்" எண்டு தேடிப் பிடிச்சுப் போடுறது தூக்காது.

அடுத்தது பைக் எண்ட சொல்லு. இலங்கையில பைக் எண்டா மோட்டார்சைக்கிள், அதில சந்தேகமே இல்லை, சைக்கிளைத்தான் சொல்லுறம் எண்டு காட்ட புஷ் சைக்கிள் எண்டுவம். ஆனா பிரிட்டிஷ் ஆக்கள் பைக் எண்டு சொன்னா அநேகமா சைக்கிள்தான். எக்ஸாமினர் சின்ன வயசில பைக் இருந்ததோ எண்டு கேக்க, போன கிழமையும் ஒரு பிள்ளை என்ர வகுப்பில "நோ, பிகோஸ் ஐ டிட் நொட் ஹாவ் எ லைசன்ஸ்" எண்டு சொன்னவ. கேள்வி சந்தேகமா இருந்தா உடன கேட்டுப்போடுங்கோ, "டு யூ மீன் எ பைசிக்கிள்?" எண்டு கேக்கிறது பிழையில்லை.

உச்சரிப்பில ஒரே ஒரு விஷயம். நீங்கள் கடிதத்தில "பைசைக்கிள்" எண்டு எழுதியிருக்கிறீங்கள், வாயிலயும் அப்பிடித்தான் வருதெண்டு நினைக்கிறன், கொழும்பில பாதிப்பேர் அப்பிடித்தான் சொல்லுறது, ஏனெண்டா தமிழில சைக்கிள் சைக்கிள் எண்டு சொல்லிப் பழகி அதுக்கு முன்னால பை எண்டதை ஒட்டுறம். தனிய நிண்டா சைக்கிள், மோட்டார்சைக்கிள் எண்டேக்கயும் சைக்கிள், ஆனா பைசிக்கிள் எண்டேக்க நடுவில "சி", அதுவும் கெதியா வந்து போயிடவேணும், அழுத்தம் முழுக்க "பை"யில. பத்துத் தரம் சொல்லிப் பாருங்கோ. தலைப்பே சைக்கிளா இருந்தா அந்தச் சொல்லு அஞ்சாறு தரம் வரும், அஞ்சாறு தரமும் பிழையா வாறது காதில விழும். சொல்லின்ர கடைசியில "உ" சேக்கிற பழக்கமும் எங்களிட்ட இருக்கு, பைக்கு, ரோட்டு எண்டு, அதையும் கவனியுங்கோ. மற்றபடி உங்கட எக்ஸென்ட் தமிழ் எக்ஸென்டா இருக்கிறது ஒரு குறையே இல்லை, கஷ்டமில்லாம விளங்கினாச் சரி, டிவியில வாற வெள்ளைக்காரர் மாதிரி நாக்கை வளைச்சா இருக்கிற தெளிவும் போயிடும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன், கிரமரில உங்களுக்கு ஒரு படி ஏத்தக்கூடியது இதுதான். "அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார்" எண்டு எழுதியிருக்கிறீங்கள் இல்லையா? பாக்க எதிர்காலம் மாதிரி, ஆனா சொல்லுறது பழைய காலத்தில வழமையா நடந்ததை. தமிழில அது அழகான வழக்கு. அதை மனசில வச்சுக்கொண்டு இங்கிலிஷுக்குப் போனா "மை ஃபாதர் வில் டேக் மீ" எண்டு வாயில வந்திடும், கேக்கிற ஆள் அப்பா இனிமேல் கூட்டிக்கொண்டு போகப்போறார் எண்டு நினைப்பார். அந்தப் "போவார்" எண்டதுக்குச் சரியான சோடி "வுட்". "எவ்ரி சட்டடே மை ஃபாதர் வுட் டேக் மீ டு மை டியூஷன் கிளாஸ்." முதல் வசனத்தில "யூஸ்ட் டு" போட்டு, அடுத்தடுத்த வசனத்தில "வுட்" போட்டுக்கொண்டு போனா காதுக்கு நல்லா இருக்கும். தமிழில நீங்கள் பிழையில்லாமச் சொல்லுறதைத்தான் அங்கயும் சொல்லுறீங்கள், "வருவார், இருத்துவார், உழக்குவார்" எண்டு மனசில வந்தா "வுட்" எண்டு ஒரு மணி அடிக்கவேணும். இந்த ஒண்டைச் சரியாப் பிடிச்ச பிள்ளையள் கனபேருக்கு அடுத்த தரம் கிரமரில மாற்றம் வந்ததை நான் கண்ணால பாத்திருக்கிறன்.

ரெண்டாம் பகுதி, கார்ட் தருவினம், ஒரு நிமிஷம் யோசிக்க, ஒண்டிலயிருந்து ரெண்டு நிமிஷம் கதைக்க. சைக்கிள் எண்டு நேரா வரவேணும் எண்டில்லை, சின்ன வயசில பழகின ஒரு விஷயம், உங்களுக்கு ஒண்டைப் பழக்கின ஒரு ஆள், வீட்டில இருந்த ஒரு முக்கியமான பொருள், மறக்க ஏலாத ஒரு பயணம் எண்டு என்ன வந்தாலும் அந்த லுமாலா உள்ள வரும். பேப்பரும் பென்சிலும் தருவினம், அதில வசனம் எழுதாதேங்கோ, எழுதினா வாசிக்கத்தான் வரும். என்ர பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, கண்ணில தெரியிற அஞ்சு சொல்லு. உங்களுக்கெண்டா, பார், துருப்பிடிச்ச பெல், பாலம், காத்து, அப்பான்ர முதுகு. பெல் எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்குத்தான் தெரியும், நான் சும்மா சொன்னனான், நீங்கள் உண்மையில கண்டதைப் போடுங்கோ. ஒவ்வொரு சொல்லுக்கும் இருவது இருவத்தஞ்சு செக்கன் கதைச்சா ரெண்டு நிமிஷம் வந்திடும். கடைசியில இப்ப அந்த சைக்கிள் எங்க எண்டு சொல்லி முடிக்கலாம், அதில நிகழ்காலமும் வந்திடும். ரெண்டு நிமிஷம் ஆனதும் அவையளே நிப்பாட்டுவினம், அதுமட்டும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

மூண்டாம் பகுதியிலதான் கேள்வி பெருசாகும், நகரத்தில ஏன் சனம் சைக்கிள் ஓடுறது குறைஞ்சு போச்சு, அரசாங்கம் என்ன செய்யலாம் எண்டு வரும். இங்க பொலியூஷன் எண்டு சொல்லி நிப்பாட்டுற பிள்ளையள்தான் கூட. நீங்கள் கொழும்பில இருக்கிறீங்கள், 2022ஐ கண்டனீங்கள். ஜூன் மாசக் கடைசியில 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், பிறகு அத்தியாவசிய சேவையளுக்குத் தவிர மற்ற ஆக்களுக்கு எரிபொருளே இல்லையெண்டு அறிவிச்ச அந்த நாளுகளில, சைக்கிள் கடையளில சனம் நிண்டது ஞாபகம் இருக்கும். என்ர வகுப்புக்குத் தெஹிவளையிலயிருந்து மரைன் டிரைவால சைக்கிளில வந்த பிள்ளையள் இருந்தவை, காலி வீதியிலயும் முந்திக் காணாத அளவுக்கு சைக்கிள். கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டில எடுக்கிற முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கினதும் கொஞ்சம் கொஞ்சமா அந்த சைக்கிளெல்லாம் மாடிப்படிக்குக் கீழ போயிட்டுது. இதை எக்ஸாமில சொல்லிப்போட்டு ஏன் அப்பிடி நடந்தது எண்டு ரெண்டு காரணம் சொன்னா அது ஒரு முழுமையான பதில். காரணமும் உங்களுக்குத் தெரியும், காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ் ஹோல்ட்டுக்கு ஒதுக்கேக்க இடப்பக்கத்தில போற சைக்கிள்காரன் எங்க போறது, தனிப் பாதை இல்லை, ஒன்பது மணிக்கே வேர்த்து நனைஞ்சு போய் டியூட்டியில ஏற ஏலாது, அதோட சைக்கிள் எண்டா வசதி இல்லாத ஆளின்ர வாகனம் எண்டு பாக்கிற பழக்கம். நெதர்லாந்தில ஆக்களின்ர எண்ணிக்கையை விட சைக்கிள் கூட, அவையளுக்குத் தனிப் பாதை இருக்கு எண்டதை ஒப்பிட்டுச் சொல்லலாம். பிறகு "இஃப் தேர் வேர் புரொப்பர் லேன்ஸ், மோர் பீப்பிள் வுட் சைக்கிள் டு வேர்க்" எண்டு ஒரு வசனம், அதோட கிரமருக்கும் அந்த இடத்தில வேலை முடிஞ்சுது. நேர்ஸ் எண்ட முறையில உங்களுக்கு இன்னொண்டும் சொல்ல ஏலும், வார்டுக்கு வாற விபத்துக் கேஸுகளைப் பாத்தா ஹெல்மட் இல்லாம இந்த ரோட்டில சைக்கிள் ஓடச் சொல்ல மனம் வருமோ எண்டது. அதை உங்களைப் போல ஆக்கள் சொன்னாத்தான் பாரமா இருக்கும்.

பழகிற விதம். எழுதிப் பழகாதேங்கோ. போனில ரெகோர்டரைப் போட்டு அப்பாவின்ர சைக்கிள் கதையை மூண்டு நிமிஷம் சொல்லுங்கோ, பிறகு அதே கதையை ரெண்டு நிமிஷத்தில, பிறகு ஒரு நிமிஷத்தில. மூண்டாந்தரம் சொல்லேக்க "ஆ... ஊ..." எல்லாம் தன்பாட்டில குறையும், வசனமும் ஒவ்வொருக்கா வேற மாதிரி வரும், அதால பாடமும் ஆகாது. நைட் டியூட்டியில கூட இருக்கிற சிங்களப் பிள்ளையள் இருந்தா அவையளுக்கு இங்கிலிஷில சொல்லுங்கோ, அவையளுக்குத் தமிழ் தெரியாட்டி இன்னும் நல்லது, இடையில தமிழுக்குத் தாவ ஏலாது. பிறகு ரெகோர்டிங்கைக் கேக்கேக்க எல்லாப் பிழையையும் தேடாதேங்கோ, முதல் நாள் "வுட்"டை மட்டும், அடுத்த நாள் "பைசிக்கிள்"ஐ மட்டும் கேளுங்கோ. ஒரு நாளைக்கு இருவது நிமிஷம் காணும், டியூட்டி முடிஞ்சு களைச்சு வாற ஆளுக்கு அதுக்குமேல நான் கேக்கமாட்டன்.

இனி உங்கட கடைசிக் கேள்வி. லுமாலா எண்டு தாராளமாச் சொல்லுங்கோ, பேரைச் சொல்லிப்போட்டு மூச்செடுக்காம "விச் இஸ் எ லோக்கல் பிராண்ட்" எண்டு சேருங்கோ, எக்ஸாமினர் இஞ்சத்தைய ஆளா இருந்தாலும் வெளிநாட்டு ஆளா இருந்தாலும் விளங்கும். கல்லடிப் பாலத்தையும் விடாதேங்கோ, "த பிரிட்ஜ் ஓவர் த லகூன் இன் மை ஹோம்டவுன்" எண்டு சொன்னாச் சரி. முதல் மூண்டு நிமிஷ ரெகோர்டிங்கை அனுப்பி வையுங்கோ, இருந்து கேட்டுச் சொல்லுறன்.